லயத்து வீட்டுக்குள் உலகம்: பிள்ளைகளுக்குப் பிற பண்பாடுகளைத் தொட்டுக் காட்ட எதைச் சேர்ப்பது?

எல்ல ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயில் வரும் நேரம் நெருங்கும்போது, எதிரே இருக்கும் தேயிலைச் சரிவெங்கும் வெளிநாட்டவர்கள் கமராவுடன் காத்து நிற்பார்கள். 1921 ஆம் ஆண்டு கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் கட்டி முடிக்கப்பட்ட பாலம் அது. பாலத்தைச் சுற்றியும் தெமோதரைப் பக்கத்திலும் உள்ள தோட்டங்களின் பிள்ளைகள் பாடசாலை விட்டு வீடு போகும் வழியில் ஜேர்மன்காரர், இஸ்ரேலியர், ரஷ்யர், சீனர் என்று பல நாட்டு மனிதர்களைக் கடந்து போகிறார்கள். கொழும்பில் வசதியான வீட்டுப் பிள்ளைக்குக்கூட இத்தனை நாட்டு முகங்களைத் தினமும் பார்க்கும் வாய்ப்பு இல்லை.

ஆனால் அந்த முகங்களிடம் பேச நமது பிள்ளைகள் கற்றுக்கொண்டது பெரும்பாலும் இரண்டே சொற்கள்தாம்: "ஸ்கூல் பென்", "பொன்பொன்". வந்தவர்கள் எடுத்துச் செல்வது, கொழுந்துக் கூடையுடன் நிற்கும் ஒரு தாயின் படம். அவர்கள் நம்மைப் பண்பாடு என்று பார்க்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு பண்பாடு இருக்கிறது, அதையும் நாம் உற்றுப் பார்க்கலாம், கேள்வி கேட்கலாம் என்ற எண்ணம் பிள்ளைக்கு வருவதற்கு வீட்டில் யாரும் வழி செய்யவில்லை.

உலகப் பண்பாடுகளை வீட்டிலேயே கற்பிக்க உதவும் பொருட்கள் என்று இணையத்தில் தேடினால், கிடைப்பவை அதிகமும் டொலரில் விலை போட்ட பெட்டிகளும் அச்சடித்து வெட்டி ஒட்டும் கொடிப் படங்களுமே. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் அவற்றை வைக்கவும் இடமில்லை, வாங்கவும் பணமில்லை. அவை தேவையும் இல்லை என்பதே இக்கட்டுரையாளரின் எண்ணம். அடுப்படியிலும் சில்லறை டப்பாவிலும் அடுத்த வீட்டிலும் கிடக்கும் பொருட்களைக் கொண்டே ஒரு பிள்ளையை உலகத்தின் பெரும்பகுதிக்கு அழைத்துப் போகலாம்.

பெட்டி என்ற யோசனை

இலங்கையில் பாலர் பாடசாலைக்கு மறுபெயராகவே ஆகிவிட்ட 'மொண்டிசோரி', மரியா மொண்டிசோரி என்ற இத்தாலிய மருத்துவரின் பெயர். 1939 இல் சென்னை அடையாறுக்கு ஆசிரியர் பயிற்சி நடத்த வந்தவருக்கு, போர் மூண்டு அவரது நாடு பிரித்தானியாவின் எதிரி நாடானதால், 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. அந்தக் காலத்தில் கொடைக்கானலில் பல மாதங்கள் இருந்தார். 1944 இல் இலங்கைக்கும் வந்து பயிற்சி நடத்தினார். கையால் தொட்டு, மூக்கால் முகர்ந்து அறிந்ததைத்தான் சிறுபிள்ளையின் மனம் பிடித்துக்கொள்கிறது என்பது அவருடைய முறையின் அடிப்படை.

அவரது வழியில் நடக்கும் பாடசாலைகளில் கண்டத்துக்கு ஒரு பெட்டி வைப்பார்கள். ஆசியாவுக்கு மஞ்சள், ஆபிரிக்காவுக்குப் பச்சை, ஐரோப்பாவுக்குச் சிவப்பு, வட அமெரிக்காவுக்குச் செம்மஞ்சள், தென் அமெரிக்காவுக்கு இளஞ்சிவப்பு, அவுஸ்திரேலியாவுக்கு மண்ணிறம், அந்தாட்டிக்காவுக்கு வெள்ளை. ஒவ்வொன்றிலும் அந்தக் கண்டத்தின் துணித்துண்டு, நாணயம், தானியம், முத்திரை, சிறு விளையாட்டுப் பொருள் இருக்கும். பிள்ளை பெட்டியைத் திறந்து எடுத்துப் பார்க்கும், திரும்ப அடுக்கி வைக்கும்.

நமக்கு ஏழு பெட்டிகள் வேண்டாம். ஒரு பழைய பிஸ்கட் தகரப்பெட்டியும் ஏழு நிற நூல்களும் போதும். பொருளில் நூலைக் கட்டினால் எந்தக் கண்டத்துடையது என்பது தெரிந்துவிடும். ஒரு பொருளுக்கு இரண்டு மூன்று நிற நூல் கட்ட வேண்டி வரும்போதுதான் பாடமே தொடங்குகிறது. உருளைக்கிழங்குக்கு எந்த நூல் என்று பிள்ளை கேட்கட்டும்.

கொடிகளைப் பற்றி ஒரு சொல். பெரும்பாலான பாடத்திட்டங்கள் கொடியில்தான் ஆரம்பிக்கின்றன. கொடி ஓர் அரசை அடையாளம் காட்டும், அதன்கீழ் வாழும் மக்களை அது காட்டுவதில்லை. குர்தியருக்கும் நியூசிலாந்தின் மவோரி மக்களுக்கும் நமது மாவட்டத்துத் தம்பானை ஆதிவாசிகளுக்கும் மொழியும் பாட்டும் உணவும் உண்டு. கொடி மரத்தில் தமது இடம் எது என்று தெரியாமல் பல தலைமுறை வாழ்ந்த நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

முதலில் தேயிலை

பெட்டிக்குள் முதலில் போக வேண்டியது தேயிலைத் தூள். பெயரிலிருந்தே தொடங்கலாம். தேயிலை சீனாவிலிருந்து உலகெங்கும் பரவியபோது இரண்டு பெயர்களுடன் போனது. தரை வழியாகப் போன இடங்களில் 'சா' என்ற பெயர் போனது. இந்தியில் சாய், ரஷ்ய மொழியில் சாய், துருக்கியில் சாய், அரபியில் ஷாய், கிழக்கு ஆபிரிக்காவின் சுவாஹிலியில் சாய். சீனாவின் பூஜியன் கரையிலிருந்து டச்சுக்காரரின் கப்பல் ஏறிப் போன இடங்களில் 'தே' என்ற பெயர் போனது. ஆங்கிலத்தின் டீ, பிரெஞ்சின் தே, சிங்களத்தின் தே, நமது தேயிலை எல்லாம் அந்தக் கப்பலில் வந்தவை. எல்லவுக்கு வரும் பயணி ஒருவரிடம் "உங்கள் மொழியில் இதற்கு என்ன பெயர்?" என்று பிள்ளை கேட்டால், அந்த ஒரு பதிலிலிருந்தே அவரது ஊருக்குத் தேயிலை எந்த வழியில் போயிருக்கும் என்று ஊகிக்கலாம். போர்த்துக்கேயர் மட்டும் கடலில் வந்தும் 'சா' என்பார்கள். அவர்கள் மக்காவு துறைமுகத்தில் வாங்கியவர்கள். ஸ்கூல் பென் கேட்பதைவிட இந்தக் கேள்வி பிள்ளைக்கு நிமிர்வைத் தரும்.

அடுத்தது கையால் செய்து பார்ப்பது. வீட்டு முற்றத்தில் மருந்தடிக்காத தேயிலைச் செடி ஒன்று இருந்தால் ஒரு பிடி கொழுந்து போதும். (தோட்டத்து நிரையில் பறித்தால் வரும் சங்கடத்தைப் பெற்றோருக்குச் சொல்ல வேண்டியதில்லை.) பாதியைச் சற்று வாடவிட்டு, உள்ளங்கைகளுக்கு நடுவே கசங்கத் தேய்த்து, ஈரத் துணியால் மூடி இரண்டு மணி நேரம் வைத்தால் செம்பு நிறமாக மாறி வாசம் வரும். அதைக் காய வைத்தால் கறுப்புத் தேயிலை. மறுபாதியைப் பறித்தவுடன் சட்டியில் இட்டு வாட்டினால் நிறம் மாறாது. அது பச்சைத் தேயிலை. எல்லவில் உள்ள நியூபர்க் தொழிற்சாலை பச்சைத் தேயிலைக்குப் பேர்போனது. ஒரே செடியின் இலைதான் ஜப்பானியருக்கு ஒரு பானமாகவும் ஆங்கிலேயருக்கு இன்னொரு பானமாகவும் ஆகிறது என்பதை, வாழ்நாள் முழுக்கக் கொழுந்து பறித்த பாட்டிமாரிலும் சிலர் இப்படிச் செய்து பார்க்கும்போதுதான் முதல் தடவையாக அறிவார்கள்.

பிறகு குடிக்கும் விதம். மொரோக்கோவில் பச்சைத் தேயிலையுடன் புதினாவும் நிறையச் சீனியும் சேர்த்து, கேத்தலை உயரத் தூக்கி நுரை வர ஊற்றுவார்கள். திபெத்தில் வெண்ணெயும் உப்பும் போட்டுக் கடைவார்கள். துருக்கியில் இடை சிறுத்த சிறு கண்ணாடிக் குவளையில் பாலில்லாமல் குடிப்பார்கள். ஈரானில் சீனிக்கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு தேநீரை உறிஞ்சுவார்கள். இதைச் சொல்லும்போது பிள்ளை தாத்தாவைத் திரும்பிப் பார்க்கும். உள்ளங்கையில் சீனியையோ கருப்பட்டித் துண்டையோ வைத்து நக்கிக்கொண்டு பிளேன்டீ குடிப்பவர் அவர்தானே. ஈரானுக்கும் நமக்கும் வேறு தொடர்பும் உண்டு. அந்த நாட்டிடம் வாங்கிய எண்ணெய்க்குத் தரவேண்டிய 25 கோடி டொலருக்கும் அதிகமான கடனைத் தேயிலையாகவே திருப்பிக் கொடுக்க 2021 டிசம்பரில் இலங்கை உடன்பட்டது. அம்மாவின் கூடையில் விழுந்த கொழுந்து எந்த நாட்டின் எண்ணெய்க்கு ஈடாகப் போனது என்பதைப் பத்து வயதுப் பிள்ளைக்குத் தாராளமாகச் சொல்லலாம்.

கூடையையும் விட்டுவிடக்கூடாது. இப்போது பல தோட்டங்களில் நைலோன் பைகள் வந்துவிட்டன. பழைய பிரம்புக் கூடை வீட்டில் இருந்தால், கயிற்றைத் தலையில் மாட்டி வெறுங்கூடையாகப் பிள்ளையைச் சுமக்க விடுங்கள். நேபாள மலைகளில் இதே போல 'டோகோ' என்ற கூடையை 'நாம்லோ' என்ற பட்டியால் நெற்றியில் தாங்குகிறார்கள். மெக்சிக்கோவில் நெற்றிப் பட்டிக்கு 'மெக்கபால்' என்று பெயர். மலையில் வாழ்பவர்கள் தமக்குள் பேசிக்கொள்ளாமலே ஒரே விதமாகச் சுமந்திருக்கிறார்கள்.

தோட்டத்தின் பெயர்ப்பலகையும் ஒரு பாடப்பொருள்தான். 'கிளென்' என்று தொடங்கும் பெயர்கள் ஊவாவில் பல. பதுளைப் பக்கம் கிளென் அல்பின், அப்புத்தளைப் பக்கம் கிளெனனோர். கிளென் என்பது ஸ்கொட்லாந்தின் பழைய மொழியில் பள்ளத்தாக்கு. நியூபர்க் என்ற பெயரில் ஸ்கொட்லாந்தில் ஊர்கள் உண்டு. துரைமார் தம் ஊரை நினைத்து வைத்த பெயர்கள் இவை. தோட்டத்துக்குத் தொழிலாளர் வைத்த தமிழ்ப் பெயர் வேறாக இருக்கும், சிங்களக் கிராமத்தவர் சொல்லும் பெயர் மூன்றாவதாக இருக்கும். மூன்றையும் ஓர் அட்டையில் எழுதிப் பெட்டியில் போடலாம். எல்ல என்றால் சிங்களத்தில் நீர்வீழ்ச்சி என்பதையும் அதே அட்டையில் எழுதலாம்.

வங்கி வாங்காத சில்லறை

எல்லவில் விடுதிகளிலும் உணவகங்களிலும் வேலை செய்யும் தோட்டத்து இளைஞர்களிடமும் ஓட்டோ ஓட்டுபவர்களிடமும் வெளிநாட்டுச் சில்லறை சேர்ந்து கிடக்கும். பயணிகள் அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டுப் போவது. தாளைத்தான் மாற்றலாம், சில்லறையை வங்கிகளும் நாணயமாற்றுக் கடைகளும் பொதுவாக எடுப்பதில்லை. இளைஞர்களுக்கு அது பயனற்ற உலோகம், பிள்ளைகளுக்கோ அதைவிடச் சிறந்த பாடப்புத்தகம் கிடையாது.

யூரோ நாணயத்தின் ஒரு பக்கம் எல்லா நாட்டுக்கும் பொது, மறுபக்கம் நாட்டுக்கு நாடு மாறும். அயர்லாந்து தனது நாணயங்களில் யாழைப் பொறித்திருக்கிறது. யாழ்ப்பாணத்தின் பெயரிலேயே யாழைச் சுமக்கும் நமக்கு அதைப் பார்த்தவுடன் பேச ஏதாவது இருக்கும். ஒஸ்ட்ரியாவின் ஒரு யூரோவில் இசைமேதை மொசார்ட். இத்தாலியின் இரண்டு யூரோவில் கவிஞர் தாந்தே. கிரேக்கத்தின் ஒரு யூரோவில் இருக்கும் ஆந்தை, இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஏதென்ஸ் நாணயத்திலிருந்து எடுத்தது. நமது வீடுகளில் ஆந்தை கத்தினால் கெட்ட சகுனம், அவர்களுக்கு அது அறிவுத் தெய்வத்தின் பறவை. எது சரி என்று பிள்ளை கேட்டால் அவசரப்பட்டுப் பதில் சொல்ல வேண்டாம்.

ஜப்பானின் 5 யென் நாணயத்தின் நடுவே ஓட்டை இருக்கும். ஓட்டையைச் சுற்றிப் பற்சக்கரம், ஒரு பக்கம் நெற்கதிர், அடியில் நீர். நோர்வேயின் 1, 5 குரோனர் நாணயங்களிலும் ஓட்டை உண்டு. ஒஸ்லோவில் உறவினர் இருப்பவர்கள் கேட்டு வாங்கலாம்.

சுவிஸ் நாணயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஜேர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ரோமான்ஷ் என்று நான்கு தேசிய மொழிகள் கொண்ட நாடு அது. சிறிய நாணயத்தில் நாட்டின் பெயரை எந்த மொழியில் எழுதுவது? ஒரு மொழியை எழுதி மற்றவற்றைத் தாழ்த்தாமல், யாருடைய தாய்மொழியும் அல்லாத லத்தீனில் எழுதினார்கள். பணத்தாளில் இடமிருப்பதால் நான்கு மொழிகளிலும் எழுதினார்கள். சிங்கப்பூர் நாணயத்தில் தமிழ் உட்பட நான்கு மொழிகளில் நாட்டின் பெயர் இருக்கும். இவற்றுக்குப் பக்கத்தில் இலங்கையின் நாணயத்தையும் வைத்து, தமிழ் எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று பிள்ளை பார்க்கட்டும். மொழியுரிமை பற்றி நாம் செய்யும் பிரசங்கங்களைவிட இது நன்றாக விளங்கும்.

அடுப்படி

பதுளை மாவட்டத்தில் வெலிமடையும் பண்டாரவளையும் உருளைக்கிழங்குக்குப் பெயர்பெற்றவை. அந்தக் கிழங்கின் தாய்வீடு தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலை. இன்றைய பெரு, பொலிவியா. அங்குள்ள மலைவாழ் மக்கள் இரவுப் பனியில் கிழங்கை உறையவிட்டு, பகல் வெயிலில் காலால் மிதித்து நீரை வெளியேற்றி, ஆண்டுக்கணக்கில் கெடாத 'சூனியோ' என்ற உலர்கிழங்காக ஆக்குகிறார்கள். தைப் பனியில் புல் கருகுவதைக் கண்ட மலைநாட்டுப் பிள்ளைக்கு இது எளிதில் புரியும்.

மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துப் பொருள். அது வருமுன் நமது முன்னோர் காரத்துக்கு மிளகையே நம்பினார்கள். மிளகுபோல் உறைக்கும் காய் என்பதால் மிளகாய். மொனராகலைச் சேனைகளில் விளையும் சோளம் மெக்சிக்கோவில் பயிரானது. அங்கே சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்துத் தோல் நீக்கி அரைத்து 'தோர்த்தியா' ரொட்டி சுடுவார்கள். வெற்றிலைப் பெட்டியில் இருக்கும் அதே சுண்ணாம்புதான், ஆனால் சுண்ணாம்பு வேலையைப் பெரியவர்களே செய்து காட்ட வேண்டும். குரக்கன் கிழக்கு ஆபிரிக்க மேட்டு நிலத்திலிருந்து வந்தது. கென்யாவிலும் உகண்டாவிலும் காலையில் குரக்கன் கூழ் குடிக்கும் பிள்ளைகள் இன்றும் உண்டு. ஆபிரிக்கா என்றால் சிங்கமும் பஞ்சமும் என்றே நமது பிள்ளைகளுக்குப் பழக்கப்பட்டிருக்கிறது. ஒரு பிடி குரக்கனைக் கையில் கொடுத்து, இதை உனக்குத் தந்தவர்கள் அவர்கள் என்று சொன்னால் அந்தப் படம் மாறும்.

பாண் என்ற சொல் போர்த்துக்கேயருடையது. ஜப்பானியரும் அவர்களிடமிருந்தே அதை வாங்கி, இன்றுவரை 'பன்' என்கிறார்கள். அலுமாரி, மேசை, ஜன்னல், சாவி எல்லாம் அதே கப்பலில் வந்தவை. வீட்டுக்குள் உள்ள பொருட்களில் போர்த்துக்கேயப் பெயர் உள்ளவற்றுக்குச் சிவப்பு நூல் கட்டச் சொன்னால், ஒரு மழைநாள் பின்னேரம் போய்விடும்.

அடுத்த வீடு

உலகப் பண்பாடு என்றதும் பாரிசையும் டோக்கியோவையும் நினைக்கிறோம். பத்து நிமிட நடையில் இருக்கும் சிங்களக் கிராமத்து வீட்டுக்குள் நமது பிள்ளை ஒருநாளும் போயிருக்காது. அந்த வீட்டுப் பிள்ளை லயத்துக்கு வந்திருக்காது. பாடசாலையும் மொழியால் வேறு. இந்தத் தூரத்தின் விலை என்ன என்பதை ஊவா கண்டிருக்கிறது. 2000 ஒக்டோபர் 25 அன்று பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் தடுத்து வைக்கப்பட்டிருந்த தமிழ் இளைஞர்களில் இருபதுக்கும் மேற்பட்டோரை ஒரு கும்பல் புகுந்து கொன்றது. ஒரு தகரப்பெட்டி அதைத் தடுத்திருக்கும் என்று யாரும் சொல்லப்போவதில்லை. அந்த மண்ணில் வளரும் பிள்ளைக்கு அடுத்த வீட்டைத் தெரியாமல் ஜப்பானைக் கற்பிப்பதில் ஏதோ பிழை இருக்கிறது என்பதை மட்டும் சொல்லலாம்.

சித்திரைப் புத்தாண்டு இருவருக்கும் பொது. அப்போது சிங்கள வீடுகளில் ஆடும் 'ஒலிந்த கெலிய' நமது பல்லாங்குழிதான். குழியில் காய் போட்டு வாரும் இந்த ஆட்டம் மலேசியாவில் 'சொங்காக்', பிலிப்பைன்சில் 'சுங்கா', கானாவில் 'ஒவாரே', தன்சானியாவில் நான்கு வரிசைக் குழிகளுடன் 'பாவோ'. பலகை வேண்டாம், முட்டை அட்டை ஒன்றில் பன்னிரண்டு குழிகளை வெட்டி எடுத்தால் போதும். ஓர் எச்சரிக்கை: ஒலிந்த என்பது குன்றிமணி. அதைக் கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்தான நஞ்சு. சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் புளியங்கொட்டையைப் பயன்படுத்துங்கள்.

கொக்கிஸ் என்ற சிங்களப் பலகாரத்தின் பெயர் டச்சுக்காரருடையது. அச்சைச் சூடான எண்ணெயில் காய்ச்சி, மாவில் தோய்த்து, மீண்டும் எண்ணெயில் விடும் முறை நமது அச்சு முறுக்கின் முறையே. நோர்வேயில் நத்தாருக்குக் கோதுமை மாவில் இதே அச்சு முறையில் பூ வடிவப் பலகாரம் செய்வார்கள். அயல்வீட்டு அச்சை ஒரு நாளைக்கு இரவல் வாங்கினால் பாடமும் முடியும், போக்குவரத்தும் தொடங்கும்.

கடல் கடந்த நம்மவர்

பெட்டியில் ஒரு பகுதியைத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழருக்கு ஒதுக்குவது நல்லது. கண்டி, ஊவா மலைகளுக்கு நடந்து வந்தவர்களின் அதே ஊர்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் மொரீசியசுக்கும் தென்னாபிரிக்காவுக்கும் மலாயாவுக்கும் பிரெஞ்சுத் தீவுகளுக்கும் போனார்கள். தென்னாபிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் போய்ச் சேர்ந்தது.

மொரீசியஸ் பணத்தாளில் தமிழ் இருக்கிறது. 1998 இல் வந்த புதிய தாள்களில் தமிழை இந்திக்குக் கீழே தள்ளியபோது அங்குள்ள தமிழர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அரசு அந்தத் தாள்களை மீளப்பெற்று, பழைய வரிசைப்படியே புதிதாக அச்சிட்டது. ஒரு பணத்தாள் கையில் கிடைக்காவிட்டாலும் படமெடுத்து வைக்கலாம். கரிபியன் தீவுகளான மார்த்தினிக், குவாதலூப்பில் சமையல் மசாலா ஒன்றுக்குக் 'கொலம்போ' என்று பெயர். கொழும்பிலிருந்து வந்த பெயர் என்பாரும் உண்டு, குழம்பு என்ற தமிழ்ச் சொல் என்பாரும் உண்டு. அந்தத் தீவுப் பெண்கள் விழாவுக்குத் தலையில் கட்டும் கட்டம் போட்ட துணிக்குப் பெயர் 'மதராஸ்'. அப்பாவின் பழைய கட்டச் சாரத்தில் ஒரு முழம் வெட்டினால் பெட்டிக்கு அந்தத் துணி கிடைத்துவிடும். டர்பன் நகரில் பாணைக் குடைந்து அதற்குள் கறியை ஊற்றி விற்கிறார்கள், 'பனி சௌ' என்று பெயர். கால் இறாத்தல் பாணும் நேற்றைய பருப்புக் கறியும் இருந்தால் இன்றிரவே செய்து பார்க்கலாம்.

இவர்களைவிட நெருக்கமானவர்கள் நீலகிரியில் இருக்கிறார்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களுக்காக 1968 இல் அங்கே அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. கூடலூரிலும் கோத்தகிரியிலும் கொழுந்து பறிப்பவர்களில் பதுளையில் பிறந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும் உண்டு. ஒரு வட்ஸ்அப் அழைப்பில் அவர்களது அடுப்படியைப் பார்க்கலாம். அரிசி மாறியிருக்கிறதா, சம்பல் இன்னும் இடிக்கிறார்களா, பேச்சில் எந்தச் சொல் புதிது என்று பிள்ளைகளே கேட்டு எழுதட்டும்.

எதுவும் மிஞ்சாத வீடுகள்

இதுவரை சொன்னதெல்லாம் வீட்டில் ஏதாவது இருப்பவர்களுக்கு. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது லயங்கள் அப்படியே மண்ணுக்குள் போயின. இந்தியாவிலிருந்து வந்த தகரப்பெட்டி, கல்யாணப் படம், பிறப்புச் சான்றிதழ் எல்லாம் போயின. 1977, 1983 வன்முறைகளுக்குப் பின் மலையகத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று குடியேறிய குடும்பங்கள் 2009 வரை இடம்பெயர்ந்த ஒவ்வொரு தடவையும் எதையாவது விட்டுவிட்டு வந்தன. கடைசியில் கையில் இருந்தது அடையாள அட்டை மட்டுமே என்று சொல்லும் வீடுகள் வன்னியில் அநேகம்.

அப்படிப்பட்ட வீட்டில் பெட்டியை எங்கே தொடங்குவது? இல்லாத பொருளின் பட்டியலில் தொடங்கலாம். பாட்டியிடம் "உங்கள் வீட்டில் என்னென்ன இருந்தது?" என்று கேட்டு, ஒவ்வொன்றையும் பிள்ளை ஓர் அட்டையில் வரையட்டும். அம்மி, கறுப்புக் கம்பளி, இடுப்பில் கட்டிய படங்கு, காமன் கூத்துக்கு அடித்த தப்பு. பாட்டி பேசுவதைக் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்யுங்கள். வரைந்த அட்டையும் தொட்டுப் பார்க்கும் பொருளே. சிரியாவிலும் பலஸ்தீனத்திலும் வீட்டை இழந்தவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். பூட்டுப் போன வீட்டின் சாவியைப் பலஸ்தீனக் குடும்பங்கள் தலைமுறைகளாக வைத்திருப்பதைச் சொன்னால், நமது பிள்ளைக்கு மேற்காசியா தொலைவான இடமாகத் தெரியாது. பாட்டிக்குப் பேச விருப்பமில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். அடுப்படியிலிருந்து தொடங்குங்கள், அது யாருடைய காயத்தையும் தொடாது.

தப்பைப் பற்றி ஓர் இடைக்குறிப்பு. சாதியின் பெயரால் அதை மறைத்து வைக்கும் வீடுகள் உண்டு. வளையத்தில் தோல் கட்டிய பறையை அயர்லாந்தில் 'பௌரோன்' என்று மேடையேற்றிப் பெருமை கொள்கிறார்கள், அரபு நாடுகளில் 'தஃப்', சிங்களவரிடம் 'ரபான'. பெட்டியில் இவற்றின் படத்துக்குப் பக்கத்தில் தப்பின் படமும் இருக்கட்டும்.

சேர்க்கும்போது கவனிக்க வேண்டியவை

ஆள் இல்லாத பொருள் வேண்டாம். எந்தப் பொருளுடனும் நான்கு வரி இருக்க வேண்டும்: யார் தந்தது, எங்கே, எப்போது, தந்தவர் அதைப் பற்றி என்ன சொன்னார். கடையில் வாங்கிய நூறு பொருட்களைவிட இப்படிப் பத்துப் பொருட்கள் மேல்.

பயணிகளிடம் பிள்ளைகளை அனுப்பிக் கேட்க வைக்காதீர்கள். பெரியவர் ஒருவர் உடனிருந்து, கொடுத்து வாங்குவதாக இருக்கட்டும். அவர்களுக்கு ஒரு தமிழ்ச் சொல்லை எழுதிக் கொடுத்துவிட்டு அவர்களது மொழியில் அதே சொல்லை எழுதி வாங்கலாம். பள்ளிவாசல், விகாரை, கோயில், தேவாலயம் சார்ந்த பொருளை அந்தச் சமயத்தவரிடம் கேட்காமல் விளையாட்டுப் பொருளாக்கக் கூடாது.

ஐப்பசி முதல் தை வரை ஊவாவில் மழையும் மூட்டமும். தாள் பூஞ்சணம் பிடிக்கும். துணியில் முடிந்த அடுப்புக்கரியைப் பெட்டியில் வைத்தால் ஈரத்தை இழுக்கும். மாசி வெயிலில் எல்லாவற்றையும் எடுத்துக் காயவிடுங்கள்.

வெளிநாட்டு உறவுகளிடம் கேட்பதானால் பஸ் ரிக்கெட், முத்திரை குத்திய கடித உறை, பாடசாலை மதிய உணவின் படம், அவர்கள் வீட்டுப் பிள்ளையின் கையெழுத்து ஆகியவற்றைக் கேளுங்கள். செலவில்லை, அனுப்பவும் தடையில்லை. பதிலுக்கு நீங்கள் அனுப்பும்போது விதை, பச்சை இலை, மண், பட்டையுள்ள மரத்துண்டு ஆகியவற்றைத் தவிருங்கள். அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இவற்றைத் துறைமுகத்திலேயே அழித்துவிடும்.

வீட்டில் சேர்த்ததோடு ஒப்பிட்டுப் பார்க்க ஓரிடம் உண்டு. கம்பளைக்கு அருகே ஒரு தோட்டத்தில், கண்டியிலுள்ள சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007 இல் லயக் காம்பராக்களையே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக மாற்றியது. தொழிலாளர் வீடுகளில் புழங்கிய பாத்திரங்களும் கருவிகளும் ஆவணங்களும் அங்கே இருக்கின்றன. எல்லவிலிருந்து ரயிலில் போகலாம். போகும்போது பிள்ளையின் பெட்டியையும் கொண்டு போங்கள். அங்கே இருப்பது எது நம் வீட்டில் இல்லை, நம் வீட்டில் இருப்பது எது அங்கே இல்லை என்று பிள்ளையே பார்த்துக் குறிக்கட்டும்.